அமைதிக் குலத்து எலிகளும் தோன்யா எதெல்வினாவும்

ஓசை ஒடுங்கிய இல்லத்தின் ஒளியே! சின்னஞ்சிறு செவிகளுக்குச் செவிலித்தாயாய் நின்ற சீர்சால் அம்மையே! மணியை அடித்த கையாலேயே மடியையும் விரித்த மாண்பே! முப்பத்தாறு ஆண்டுகள் இம்மனையின் எலிக்கூடத்தை இமையாய்க் காத்த விலங்கு மருத்துவர், தோன்யா எதெல்வினா கர்பாகோ அவர்களே!

தாங்கள் பணி நிறைவு பெறும் இந்த வெள்ளிக்கிழமை மாலையில், துவேரோ ஆற்றைப் பார்த்த இம்மாடிக் கூடத்தில், தங்கள் பணித்தோழர்கள் பணிந்து படைக்கும் மடல் இது. முழங்க வேண்டிய மடலை முணுமுணுத்து வாசிக்கிறோம். காரணம் தங்களுக்கே தெரியும், கீழே எலிகள் உறங்குகின்றன. பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்றால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வரலாம். இழுத்துக்கொண்டு வரக் கூடாது. சோம்பு பிஸ்கட் வைத்திருப்பவர்கள் காப்பியில் ஊறவைத்துத் தின்னுங்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம், அம்மையே. எங்களுக்குக் குழப்பமாக இருக்கிறது. அஞ்சலகத்தில் ஓய்வு பெறுபவருக்கு மடல் எழுதுவது எளிது. பள்ளிக்கூடத்து ஆசிரியைக்கு எழுதுவது அதனினும் எளிது. மின்மணியை அடித்துச் சுண்டெலியை வலிப்பில் வீழ்த்தி, வீழ்ந்ததை அள்ளி மடியில் ஏந்தி, இருட்டும் இளஞ்சூடும் தந்து எழுப்பி, எழுந்ததைக் கொஞ்சி, அடுத்த வாரம் அதற்கே மறுபடி மணியடித்த ஒருவரை எந்தச் சொல்லால் புகழ்வது? வீரம் என்று எழுதினோம், அடித்தோம். கருணை என்று எழுதினோம், மணி ஞாபகம் வந்தது, அதையும் அடித்தோம். வலிப்பு கண்ட பிள்ளையைப் பெற்றவர்களுக்கு மருந்துக் கடையில் ஒரு நல்ல மாத்திரை கிடைப்பதற்காகத்தான் இவ்வளவும் என்று தாங்கள் ஒரே வரியில் சொல்லிவிடுவீர்கள். எங்களுக்கு அந்த ஒரு வரி போதவில்லை. தங்களுக்கும் அது எல்லா நாளும் போதியதில்லை என்பதை, மணியடிக்கும் நாட்களில் தாங்கள் மதியம் சாப்பிடாததை வைத்து நாங்கள் அறிவோம்.

அமைதியை ஆட்சியாய் அமைத்த அரசியே! தங்கள் ஆட்சியில் நாங்கள் பஞ்சுச் செருப்பில் நடந்தோம். சாவிக்கொத்தைத் துணிப்பையில் கட்டினோம். தும்மல் வந்தால் தெருவுக்கு ஓடினோம். கிறிஸ்துமஸ் லாட்டரியில் நம் அலுவலகச் சீட்டுக்குச் சின்னப் பரிசு விழுந்த அன்று, இயக்குநர் உட்பட அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கி, எதிர்ச்சாரி மதுக்கடைக்குள் போய்க் கத்து கத்தென்று கத்திவிட்டு, மறுபடி மேலே வந்து அவரவர் நாற்காலியில் உட்கார்ந்தோம். கைதட்டல் என்பது இந்த வீட்டில் இல்லை. கையை உயர்த்தி அசைப்பதோடு சரி. புதிதாக வருபவர்கள் நாங்கள் யாரையோ வழியனுப்புவதாக நினைத்துக்கொள்வார்கள். இன்றைக்கு அது உண்மையாகவே வழியனுப்புதல்தான்.

தாங்கள் வளர்த்த குலங்கள் இரண்டு. மணி கேட்டால் வெறிகொண்டு ஓடி, விழுந்து, விறைக்கும் வலிப்புக் குலம் ஒன்று. அதே மணிக்குக் காதை லேசாகத் திருப்பிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொள்ளும் அமைதிக் குலம் மற்றொன்று. இரண்டும் ஒரே தாய்வழியில் பிரிந்தவை. நிறமும் ஒன்று, மூக்கும் ஒன்று. ஒன்றின் மூளையில் உள்ளது மற்றதில் ஏன் இல்லை என்று பார்ப்பதற்குத்தான் இந்த ஆராய்ச்சி நிலையம். அமைதிக் குலம் இல்லையேல் வலிப்புக் குலத்தால் பயனில்லை, எதோடு ஒப்பிடுவது? குட்டிகளுக்குக் காதில் அடையாளத் துளை இடும் வயது வரும்வரை தாயும் சேயும் இருக்கும் அறைக்குள் தங்களைத் தவிர ஒருவரும் நுழையலாகாது என்பது தங்கள் சட்டம். அந்நியக் காலடி கேட்டால் தாய் குட்டியைத் தின்றுவிடும் என்பீர்கள். இயக்குநருக்கே அனுமதி கிடையாது. அவர் ஒருமுறை எட்டிப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே விரித்துரைக்கவில்லை.

இனி எங்களுள் ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான்காண்டாக இரு குலத்து மூளையையும் ஒப்பிட்டுவரும் ஆராய்ச்சியாளன் தெல்மோ, இதோ சன்னலோரம், காதுமடல் சிவக்க உட்கார்ந்திருக்கிறான். மடலில் ஒருவரை 'அவன்' என்பது முறையன்று. ஆனால் இம்மடலை எழுதும் அலுவலகக் கசில்டாவுக்கு அவன் வயதில் மகன் இருக்கிறான். தெல்மோவின் மேல் அவளுக்கு இன்று காலையிலிருந்து தீராத கோபமும் இருக்கிறது. ஆகவே அவன் என்றே வரும்.

இந்த ஆண்டுப் பாஸ்கு, அதாவது உயிர்ப்புத் திருநாள், முடிந்து ஊர் அடங்கியிருந்த வேளை. தவக்காலத்தில் பிறந்த அமைதிக் குலத்துக் குட்டிகள் வளர்ந்து சோதனைக்கு வந்திருந்தன. தெல்மோ முதல் எலியைக் கண்ணாடிப் பெட்டியில் விட்டான், மூடினான், மணியை அழுத்தினான். சும்மா ஒரு சடங்கு என்றுதான் நினைத்தான். அமைதிக் குலத்துக்கு மணியடிப்பது எப்போதும் சடங்குதான். அவன் பேனாவைத் தேடிக்கொண்டிருக்கையில் பெட்டிக்குள் எலி சுற்றிச் சுற்றி ஓடி, பக்கவாட்டில் சாய்ந்து, பின்னங்கால்களை நீட்டி விறைத்தது. அவன் தன் கண்ணைத்தான் முதலில் சந்தேகித்தான். அடுத்ததை விட்டான், அது முகத்தைத் துடைத்தது. அப்பாடா என்று மூன்றாவதை விட்டான், அது விழுந்தது. மாலைக்குள் பாதிக்குப் பாதி விழுந்தன. விழுந்ததற்கும் விழாததற்கும் ஒரு முறையும் இல்லை, ஒரு நியாயமும் இல்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை அவனுக்கு. எந்தக் குலத்தோடு எந்தக் குலத்தை ஒப்பிட்டு நான்காண்டு எழுதினோம் என்று அவனுக்கே புரியாமல் போயிற்று.

கூடிக் கூடிப் பேசினோம். தண்ணீரைச் சந்தேகித்தோம். தீவனத்தைச் சந்தேகித்தோம். மணியைக் கழற்றிப் பார்த்தோம். யாரும் ஓசையைச் சந்தேகிக்கவில்லை. இந்த வீட்டில் ஏது ஓசை? நாம் அடிக்கும் மணியைத் தவிர இங்கே ஒரு கரண்டி விழுந்த சத்தம்கூட இல்லை என்று ஊரெல்லாம் பெருமை பேசியவர்கள் ஆயிற்றே நாங்கள். அந்தப் பெருமை கண்ணை மறைத்தது. கடைசியில் மிச்சம் நின்றது ஒரே விளக்கம்: காதில் துளையிடும் முன்பே, தாய்களின் அறையில், இரு குலத்துக் குட்டிகளும் கூண்டு மாறிவிட்டன. அந்த அறைக்குள் போனவர் தாங்கள் ஒருவரே.

தெல்மோ தங்களை நடைகூடத்தில் மறித்தான். அவனுக்குள் நான்காண்டு வேலை எரிந்துகொண்டிருந்தது. "ஞாபகம் நிக்கலைன்னா சாவிய முன்னாடியே குடுத்திருக்கலாமே தோன்யா," என்றான். வீட்டு வழக்கப்படி கிசுகிசுப்பாகத்தான் சொன்னான். அதுதான் வினை. கத்தியிருந்தால் பாதிப் பேருக்காவது விளங்காமல் போயிருக்கும்; இந்த நிசப்தத்தில் அவன் கிசுகிசுத்தது மாடிப்படி வரை, தட்டச்சு அறை வரை, ஒரு சொல் சிந்தாமல் வந்து சேர்ந்தது. தாங்கள் அவனை முறைப்பீர்கள், திட்டுவீர்கள் என்று அத்தனை பேரும் காத்திருந்தோம். தாங்கள் துணிப்பையில் கட்டிய சாவியைப் பார்த்துக்கொண்டே நின்றீர்கள்.

"இருக்கலாம் தம்பி," என்றீர்கள். "நானே மாத்தியிருப்பேன்."

நாங்கள் நம்பிவிட்டோம். தாங்களே சொன்ன பிறகு நம்பாமல் என்ன செய்வது?

அடுத்து வருவதைத் தாங்கள் யாரிடமும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டீர்கள். சொல்லப் போகிறோம், பொறுத்தருள வேண்டும், ஏன் என்பது சற்று நேரத்தில் விளங்கும். தங்கள் அன்னையார் கடைசிக் காலத்தில் தங்களையே யாரம்மா நீ என்று கேட்டதும், அவர் புத்தி ஒவ்வொரு விளக்காக அணைந்ததும் தங்களுக்கு மறக்கவில்லை. கூண்டுச் சேதிக்குப் பிறகு, தங்களுக்கும் அதுதான் தொடங்கிவிட்டது என்று தாங்கள் முடிவுகட்டினீர்கள். வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் போய்ப் பார்த்தீர்கள். கொண்டைக்கடலைக் குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டீர்கள். ஒரு நாள் காப்பி அறையில், கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கசில்டாவிடம் சொன்னீர்கள்: "காலைல எழுந்ததும் நம்ம ஊர்த் தெருப் பேரெல்லாம் ஒவ்வொண்ணாச் சொல்லிப் பாக்குறேன் கசில்டா. எல்லாம் சரியாத்தான் வருது. ஆனா சரின்னு சொல்ல வீட்ல யாரு இருக்கா?" கசில்டா வாயாடி. அன்றைக்கு அவள் தங்கள் கோப்பையில் இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினாள், அவ்வளவுதான்.

நிர்வாகக் குழுவின் முன் தாங்கள் எழுந்து நின்று, பிழை என்னுடையது, வேறு யாரையும் கேட்க வேண்டாம் என்றீர்கள். இயக்குநர் தோன் ஒனோரியோ பொல்லாதவர் அல்லர், பயந்தவர். கலப்படக் குலத்தை வைத்துக்கொண்டு வெளியூர் ஆய்வகங்களுக்கு என்ன பதில் சொல்வது என்று பயந்தார். அமைதிக் குலம் முழுவதையும், பெரிதும் சிறிதுமாக, தங்கள் விடைபெறு விழா முடிந்த மறு திங்கட்கிழமை கொன்று தீர்ப்பது என்று தீர்மானம் ஆயிற்று. தங்கள் மனம் நோகக் கூடாதாம், அதற்காகத்தான் திங்கட்கிழமை வரை பொறுத்தார்களாம். அதுவரை அவை கீழ் நிலவறையில் இருக்கட்டும் என்றார்கள். தாங்கள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. புத்தி பிசகியவள் பேசினால் யார் கேட்பார்கள் என்று நினைத்தீர்கள் போலும்.

இப்போது இந்த வாரச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறோம். தாங்கள் நரம்பு மருத்துவரைப் பார்க்கப் போன மாலை அது. எலிகளுக்குத் தண்ணீர் வைக்க வேண்டும். தாங்கள் நிலவறைச் சாவியைத் தெல்மோவிடம் கொடுத்தீர்கள். அவன் அதை வாங்க நெளிந்தான். முன்னாடியே கொடுத்திருக்கலாமே என்று அவன் கேட்ட அதே சாவி அல்லவா? தாங்கள் அதைக் குத்திக்காட்டவில்லை. அது அவனை இன்னும் அதிகமாகக் குத்தியது.

அவன் நிலவறைக்குள் கால் வைத்தது அதுவே முதல் தடவை. ஆண்டுதோறும் தவக்காலத்தில், மேலே நம் வாசல் வழியாகப் பவனிகளும் ஒத்திகைகளும் முரசடித்துப் போகும் நாட்களில், தாய்களையும் குட்டிகளையும் தெருப்பக்க அறையிலிருந்து இறக்கி அங்கே தாங்கள் பத்திரப்படுத்துவது அவனுக்குத் தெரியும். எங்கோ கீழே என்று கேள்விப்பட்டதோடு சரி. கல் வளைவு, தாழ்ந்த கூரை, இரண்டு பக்கமும் அலமாரி. ஒரு பக்கத்து அலமாரி உட்சுவரை ஒட்டியிருந்தது, மறுபக்கத்தது படியோரம். தவக்காலத்தில் எந்தக் கூண்டு எங்கே இருந்தது என்று தாங்கள் ஒட்டிய சீட்டுகள் பலகையில் அப்படியே இருந்தன. அவன் அவற்றைக் கவனிக்கவில்லை. புட்டியில் தண்ணீரை நிரப்பிக்கொண்டே, நேரமாகிவிட்டது, ஓட வேண்டும் என்று அவசரப்பட்டுக்கொண்டிருந்தான்.

எங்கே ஓட வேண்டும்? அம்மையே, இது எங்களுக்கே இன்று காலைதான் தெரியும். பகலெல்லாம் பஞ்சுச் செருப்பில் பூனைபோல் நடக்கும் நம் தெல்மோ, மாலையானால் ஒரு பக்த சபையின் வாத்தியக் குழுவில் முரசடிக்கிறான். பாஸ்கு பவனியில் முகத்தை மூடிய கூம்புத் தொப்பிக்குள் யார் இருக்கிறார் என்று யாருக்குத் தெரியும்? நம் வாசலைக் கடந்து அவன் எத்தனையோ முறை அடித்துக்கொண்டு போயிருக்கிறான். நாம் சன்னலைச் சாத்திக்கொண்டு முணுமுணுத்திருக்கிறோம். இந்த வீட்டில் வேலை பார்ப்பவன் முரசடிக்கிறான் என்று சொல்ல வெட்கம் அவனுக்கு. ஆனால் எதையாவது ஓங்கி அடிக்காவிட்டால் பைத்தியம் பிடிக்கும்போல இருந்ததாம். இதைக் கேட்டு எங்களுள் சிலர் அவனைத் திட்டினோம், சிலர் பொறாமைப்பட்டோம்.

அவன் கடைசிப் புட்டியைச் செருகும்போது உட்சுவர் அதிர்ந்தது. மறுபடி அதிர்ந்தது. எலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக மூலையில் போய் அடைந்தன. சுவருக்கு அந்தப் புறம், கல்லுக்குள்ளிருந்து வருவதுபோல, முரசும் எக்காளமும் சேர்ந்து எழுந்தன. அது தெருவில் போகும் ஓசையல்ல. அறைக்குள் அறைந்த ஓசை. அவன் காதைப் பொத்தப் போனான், பொத்தவில்லை. அந்தத் தாளம் அவனுக்குத் தெரியும். நற்கருணைப் பவனிக்காக அவர்கள் பழகிக்கொண்டிருந்த தாளம். அதில் ஒரு இடத்தில் இரண்டாம் முரசு விழ வேண்டும். விழவில்லை. அடுத்த சுற்றிலும் அதே இடம் காலியாக நின்றது. அது அவன் இடம். அவன் இங்கே நின்றுகொண்டிருந்தான்.

நம் நிலையத்தின் வாசல் மேல்தெருவில். சபை தன் பவனிச் சுரூபங்களை வைக்கும் கிடங்குக்கு வாசல் மலைச்சரிவில் கீழே, ஆற்றைப் பார்த்த தெருவில். நடந்து போனால் கோயிலைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அதனால் இரண்டும் வேறு வேறு உலகம் என்றே எல்லோரும் இருந்தோம். மலைக்குள்ளே இரண்டும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்பதை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. வாத்தியக் குழு வழக்கமாகப் பழகுவது பாலத்தடியில். இந்த ஆண்டு தவக்காலம் முழுக்க மழை, ஆறு கரை மீறியது, பாலத்தடி முழுகியது. ஆகவே அவர்கள் முரசைத் தூக்கிக்கொண்டு கிடங்குக்குள் புகுந்தார்கள், இன்னமும் பாலத்தடிக்குத் திரும்பவில்லை. தாங்கள் முரசுக்குப் பயந்து குட்டிகளைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்குள் புகுந்தீர்கள். நடுவில் ஒரே சுவர். தாங்கள் காலையில் வந்து பார்க்கையில் அமைதி. நாம் எல்லோரும் வீடு போன பிறகு மாலையில் இடி.

இதற்குமேல் தெல்மோவுக்கு ஒருவரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. அவனே படித்தவன், அவனே பிறருக்குச் சொல்லிக்கொடுத்தவன். காது புதிதாய்த் திறக்கும் பருவத்தில் பேரோசைக்கு ஆளான குட்டி, எந்தக் குலத்தில் பிறந்தாலும், வளர்ந்தபின் மணி கேட்டால் விழக்கூடும். அவன் பலகைச் சீட்டுகளைப் போய்ப் பார்த்தான். விழுந்தவை அத்தனையும் உட்சுவர் அலமாரியில் இருந்தவை. முகம் துடைத்தவை அத்தனையும் படியோரத்தவை. கூண்டு எதுவும் மாறவில்லை, அம்மையே. எல்லாம் தாங்கள் வைத்த இடத்திலேயே இருந்தன. தவக்காலம் முழுக்க, மாலைதோறும், சுவருக்கு அப்புறம் நின்று அவன் தன் எலிகளையே அடித்துக்கொண்டிருந்தான்.

அவன் நின்றுகொண்டிருக்கும்போதே ஒரு கூண்டில் எலி ஒன்று ஓடத் தொடங்கியது. ஓடி, சாய்ந்து, விறைத்தது. யாரும் மணியடிக்கவில்லை, அவன் தோழர்கள் தேவனுக்காக வாசித்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். விழுந்த எலியை எடுப்பது அவன் வேலையல்ல. அவன் வேலை எழுதுவது. அன்று எடுத்தான். தாங்கள் செய்வதுபோல மடியில் வைத்துக் கையால் மூடி இருட்டாக்கினான். அது மூச்சு விட்டு எழுந்திருக்கும்வரை நிலவறைத் தரையிலேயே உட்கார்ந்திருந்தானாம். பிறகு அத்தனை கூண்டையும் ஒவ்வொன்றாகத் தூக்கித் தன் அறைக்குக் கொண்டுபோய் மேசை மேலும் கீழும் அடுக்கினான். நேற்றுவரை அவன் அறைக்குள் ஒருவரையும் ஏன் விடவில்லை, நிலவறைச் சாவியை ஏன் திருப்பித் தரவில்லை என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

செவ்வாய், புதன், வியாழன் போயின. தங்களைப் படியில் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான். சொன்னால் தன் வேலை தன் கையாலேயே போயிற்று என்று ஆகும். ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம் வேறு. சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. தாங்கள் ஓய்வு பெற்றுப் போய்விடுவீர்கள், எலிகளும் போய்விடும், சுவர் பேசாது. இதையெல்லாம் அவன் யோசித்தான் என்பதை அவனே சொன்னான். நாங்கள் மறைக்கவில்லை, அவனும் மறைக்கச் சொல்லவில்லை.

இன்று காலை கசில்டாவின் மேசைக்கு முன்னால் பேயறைந்தவன்போல் வந்து நின்றான். தங்களுக்கான மடல் அப்போது தங்க ஓரத்தாளில் அழகுக் கையெழுத்தில் தயாராகி, கண்ணாடிச் சட்டத்துக்குள் போகக் காத்திருந்தது. அதில் ஓசை என்ற சொல்லும் இல்லை, கூண்டு என்ற சொல்லும் இல்லை. பிழை என்று நினைவூட்டும் எதையும் தொடாமல் சுற்றிச் சுற்றி எழுதிய வெறும் பூமாலை.

"கூண்டு மாறல கசில்டா. மேளம். மேளம் அடிச்சது நான்," என்றான்.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எந்த மேளம், யாருக்குக் கல்யாணம் என்று கேட்டாள். அவன் முதலிலிருந்து சொன்னான், அவள் மறுபடி குழம்பினாள், மறுபடி சொன்னான். விளங்கியதும் அவளுக்கு வந்த கோபத்தில் இந்த வீட்டுச் சட்டம் மறந்து குரல் உயர்ந்துவிட்டது.

"அட பாவி, அப்ப இங்க எதுக்கு நிக்கிற? அந்தம்மாகிட்ட ஓடிப் போய்ச் சொல்லேன்டா."

"எல்லார் காதுலயும் விழுறமாதிரிதான் அவங்கள அப்படிச் சொன்னேன். எல்லார் காதுலயும் விழுறமாதிரியே அதத் திருப்பி எடுத்துக்கணும்," என்றான் தெல்மோ. "தனியாப் போனா, பரவால்ல தம்பி, யார்கிட்டயும் சொல்லாத, உன் வேலை போயிடும்பாங்க. நானும் சரின்னுடுவேன். எனக்கு என்னைத் தெரியும்."

அவள் தங்க ஓரத்தாளை எடுத்து மேசையறைக்குள் போட்டாள். சாதாரண அலுவலகத் தாளை இயந்திரத்தில் செருகினாள். பெயரைப் போடட்டுமா, வாத்தியக் குழு என்று மட்டும் போடட்டுமா என்று ஒருமுறை கேட்டாள். பெயரையே போடு என்றான். ஆகவே அம்மையே, தாங்கள் சுவரில் மாட்டப்போகும் மடல் இந்த மங்கல் தாள்தான். பிழைத்திருத்தம் இரண்டு இடத்தில் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களே! தாங்கள் இருமுவதை நிறுத்தினால் நல்லது. இச்செய்தியைத் தாங்களும் இப்போதுதான் முதன்முறையாகக் கேட்கிறீர்கள். முன்கூட்டி அனுமதி கேட்டால் திங்கட்கிழமைக்கு அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லியிருப்பீர்கள், ஆதலால் கேட்கவில்லை. அமைதிக் குலம் கலக்கவில்லை. சுவரோரத்துக் குட்டிகள் காதால் காயம்பட்டவை. அவற்றின் குலத்துக்கு ஒரு குறையும் இல்லை, இனி அவை ஈனும் குட்டிகள் அமைதியாகவே பிறக்கும். சீட்டுகள் பலகையில் இருக்கின்றன; தாங்களே இறங்கிப் பார்க்கலாம். திங்கட்கிழமைத் தீர்மானத்தை இங்கேயே, இந்தக் கூடத்திலேயே, அம்மையார் பார்க்க விலக்கிக்கொள்ள வேண்டுகிறோம். தெல்மோவின் ஒப்பந்தத்தைப் பற்றி நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. அவன் கேட்க வேண்டாம் என்றான். எங்களுக்குக் கேட்க ஆசைதான்.

தோன்யா எதெல்வினா அவர்களே! மடல் என்றால் முடிவில் வாழ்த்து வேண்டும். நெடுநாள் வாழ்க, நோயின்றி வாழ்க என்று ஆயிரம் மடல்களில் எழுதியாயிற்று; அவையெல்லாம் தங்களுக்கும் உரியவையே. ஆனால் இரண்டு மாதமாகத் தாங்கள் தனியே வீட்டில் எதற்குப் பயந்தீர்களோ அதைப் பற்றி வாழ்த்தாக அல்ல, சாட்சியாகச் சொல்கிறோம். தாங்கள் ஒரு கூண்டையும் மாற்றவில்லை. ஒரு குட்டியையும் மறக்கவில்லை. தங்கள் அன்னையாருக்கு வந்தது தங்களுக்கு வந்துவிட்டது என்று தாங்கள் நினைத்ததற்கு ஒரே ஆதாரம் எங்கள் பேச்சு. அந்தப் பேச்சு பொய். தெருப் பெயர்களைச் சொன்னீர்களே, சரி என்று சொல்ல யார் இருக்கிறார்கள் என்று கேட்டீர்களே. இதோ ஒரு வீடு நிறைய இருக்கிறோம். சரிதான், அம்மையே. எல்லாம் சரியாகத்தான் சொன்னீர்கள்.

இத்துடன் தாளை மடிக்கிறோம். தெல்மோ எழுந்து தங்களை நோக்கி வந்துகொண்டிருக்கிறான். என்ன சொல்வது என்று அவனுக்கு இன்னமும் தெரியவில்லை. தாங்கள் கையை நீட்டினால் அவனுக்கு உதவியாக இருக்கும்.

இவண்,
தங்கள் நிழலில் சத்தமில்லாமல் நடந்த பணித்தோழர்கள் அனைவரும்.

தட்டச்சு செய்து வாசித்தவர்: கசில்டா, அலுவலகம்.
தன் பெயரைத் தானே எழுதியவர்: தெல்மோ, இரண்டாம் முரசு.